தார்ப்பாய்

புயல் அடுப்படிக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனதும், காப்பீட்டுக் கம்பெனியிடம் தனக்காகப் பேசத் துரைக்கண்ணு என்பவரை அமர்த்தினாள் செண்பகவல்லி.

"எதையும் மூடிடாதீங்கம்மா. சேதம் அப்படியே தெரியணும்" என்றார் அந்தப் புண்ணியவான்.

வாங்கிவந்த தார்ப்பாயைப் பிரிக்காமல், ஒரு கையில் குடையும் மறு கையில் கரண்டியுமாக நாற்பது நாள் சமைத்தாள். இன்றுதான் கம்பெனி சர்வேயர் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்மா, ஒரு தார்ப்பாய் போட்டு மூடியிருக்கக் கூடாதா? மழையில கெட்டதுக்கெல்லாம் கம்பெனி பொறுப்பில்ல."

துரைக்கண்ணு சட்டம் பேசினார். சர்வேயரும் விடவில்லை. தூறல் ஆரம்பித்தது.

செண்பகவல்லி தார்ப்பாயை உதறிப் பிரித்து, ஆளுக்கு இரண்டு முனைகளைக் கையில் திணித்தாள்.

"தூக்கிப் பிடிங்க. பேசி முடிக்கிற வரைக்கும் இறக்கக் கூடாது."

அதனடியில் அடுப்பைப் பற்றவைத்தாள். பிறகு அவசரமே இல்லாமல் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.