கடல்நீரில் ஊறிய மரம்

நாற்காலியில் உபதேசியார் பால்ராஜ். கட்டில் விளிம்பில் சகாயம்மாள். தரையில், மடியில் அட்டையும் அதன்மேல் இன்லண்டு லெட்டருமாக அவள் புருஷன் இக்னேஷியஸ். நடுவில் பாயின்மேல், இடுப்புவரை கோணி சுற்றப்பட்டு, மரத்தில் செதுக்கிய ஒரு பெண்.

ரயில் பார்சலில் தூத்துக்குடி போக வேண்டியவள்.

உடைந்துபோன பாய்த்தோணியின் முகப்பில் நின்ற சிலை என்று சொல்லி ராயபுரம் மரக்கடையில் விற்றார்கள். இக்னேஷியஸ் வாங்கிவந்து நீல பெயிண்ட் அடித்து, மேனாம்பேடு சின்னக் கோயிலில் நிறுத்தினான். தானாகக் கரையேறி வந்தவள் என்று அவன் விளையாட்டாகச் சொன்னது ஊர்வாயில் நின்றுவிட்டது. இரண்டே வருடத்தில் மாதா ஆகிவிட்டாள். பதினைந்தாம் தேதி தேர்.

அந்த நேரம் பார்த்து, மரக்கடையில் விலாசம் விசாரித்து, மிக்கேல் பர்னாந்து என்கிற பெரியவர் எழுதியிருந்தார்.

‘தோணியோடு போன என் மகன் செதுக்கியது. உடல் கிடைக்கவில்லை. அவன் கைபட்டதென்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதையாவது அடக்கம் செய்ய வேண்டும். சிலைக்கு அவன் குறித்துவைத்த அளவைக் கீழே எழுதியிருக்கிறேன்; அதன்படி பெட்டி தயார்.’

அதைப் படித்ததிலிருந்து சகாயம்மாள் கோயில் பக்கம் போகவில்லை.

“இன்னா இக்னேஷியஸ், மூஞ்சி செத்துக் கெடக்குது? மண்ணுக்குள்ள போற கட்டைக்கு அசலு இன்னா, நகலு இன்னா? மாதாவ அனுப்பிட்டு, தேர்ல உன் ஊட்டம்மாவையா ஏத்தச் சொல்ற?” என்றார் பால்ராஜ்.

பாயில் கிடந்தது இக்னேஷியஸ் செதுக்கியது. அந்த மகன் செதுக்கியவள் கோயிலில் மாலையோடு நின்றாள்.

சகாயம்மாள் தையல் டேப்பை எடுத்துச் சிலையின் தலையிலிருந்து அடிவரை பிடித்தாள். பெரியவர் கடிதத்தைப் பார்த்தாள். மறுபடி பிடித்தாள். பெட்டியில் அடங்காது, அரை அங்குலம் கூடுதல். தோளும் இடிக்கும்.

இக்னேஷியஸுக்கு உடனே விளங்கிவிட்டது. அவன் அம்பத்தூர் பட்டறையில் இரும்பு வார்ப்புக்கு மர அச்சு செய்பவன். இரும்பு ஆறினால் சுருங்கும் என்பதால், அச்சு சற்றுப் பெரிதாக வரும்படி கோடுகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்ட ஸ்கேல் ஒன்று அங்கே உண்டு. பெரியவர் எழுதிய அளவை மரத்தில் குறிக்கும்போது, பழக்கதோஷத்தில் கை அதைத்தான் எடுத்திருக்கிறது.

“கோயில்ல கீறதையே எறக்கி அனுப்பிடலாங்க,” என்றாள் சகாயம்மாள். “இன்னும் நேரம் கீது.”

அவன் அவளைப் பார்க்காமல் பேனாவைத் திறந்தான். எழுதி முடித்த கடிதத்தில், கையெழுத்துக்கு மேலே கொஞ்சம் இடம் இருந்தது.

‘ஐயா, கடல்நீரில் ஊறியதில் மரம் சற்று உப்பியிருக்கிறது. தயவுசெய்து பெட்டியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்துகொள்ளவும்.’

மடித்து, நாக்கால் ஈரம் பண்ணி, ஓரங்களை நகத்தால் அழுத்தி ஒட்டினான்.

அந்த வீட்டில் எந்தக் கடிதத்தையும் தபால்பெட்டியில் போடுகிறவள் சகாயம்மாள்தான். அன்று அவள் கை நீட்டவில்லை.

பால்ராஜே வாங்கிக்கொண்டு சைக்கிள் ஏறினார்.