ஆளுக்கு மூன்று ஸ்டிக்கர்

கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள் அந்தத் தையல்காரப் பெண்.

"நில்லுங்கம்மா! கையைக் காட்டுங்க!"

போக்குவரத்துத் திட்ட அதிகாரி மைக்கிலேயே அதட்டினார். ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கை நிறையப் பச்சை ஸ்டிக்கர்கள்.

நகரம் நாளுக்கு நாள் வீங்கிக்கொண்டே போகிறது. இனி பஸ்ஸும் ரயிலும் சாலையும் எப்படி இருக்க வேண்டும், எந்த இலக்குக்கு முதல் இடம் என்று மக்களையே கேட்டு முடிவு செய்யும் கூட்டம் அது. வேகம், பாதுகாப்பு, சுத்தமான காற்று என்று சுவர் நெடுகப் பெரிய பெரிய தாள்கள். கீழே வாசலில் பெயர் கொடுத்தால் ஆளுக்கு மூன்று ஸ்டிக்கர் தருவார்கள். மேலே வந்து, பிடித்த இலக்கின் கீழ் ஒட்ட வேண்டும். எதில் அதிகம் சேர்கிறதோ அந்த வேலைதான் முதலில் தொடங்கும்.

இவளோ 'எல்லோருக்குமான பயணம்' என்ற தாளில் வரிசையாக ஒட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஆளுக்கு மூணுதானேம்மா? உங்ககிட்ட மட்டும் எப்படி இவ்வளவு?"

"என்னுது மூணுதான் சார். மத்ததெல்லாம் எங்க தெருக்காரங்க கொடுத்துவிட்டது. அவங்க கீழே..."

"கொடுத்துவிட்டா வாங்கிட்டு வந்துடுவீங்களா? இது என்ன சினிமா டிக்கெட்டா?"

ஹாலில் சிரிப்பு.

அலுவலகத்தில் அவருக்கு 'ஒன்வே' என்று பட்டப்பெயர். பேச்சு அவர் பக்கத்திலிருந்து மட்டும்தான் போகும், எதிரே எதுவும் வர முடியாது. மற்றபடி நேர்மையில் நெருப்பு. அந்த நெருப்பை நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதிலும் கொஞ்சம் அக்கறை உண்டு.

"எங்களுக்கு இது ரொம்ப முக்கியம் சார். அவங்களால..."

"அவங்களால வர முடியலைன்னா விட்டுடணும். அக்கறை இருக்கிறவங்க எத்தனை பேர் வேலைவெட்டியை விட்டுட்டு வந்து உட்கார்ந்திருக்காங்க, பாருங்க!"

முன்வரிசை கை தட்டியது. வாசலில் பெயர் பதிவு செய்த உதவியாளர் அருகே வந்து, "சார், ஒரு நிமிஷம், கீழே..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க கொஞ்சம் இருங்க."

மேடையை விட்டு இறங்கி நேராக அந்தத் தாளுக்கே வந்தார் அதிகாரி.

"இந்த இலக்கை எழுதினதே நான்தான். இது ஜெயிக்கணும்னு என்னைவிட யாருக்கு ஆசை இருக்கப்போகுது? அதுக்காகக் கள்ள ஓட்டை அனுமதிக்க முடியுமா?"

சொல்லிக்கொண்டே அவள் ஒட்டியதில் மூன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் உரித்தார். வராததை நகத்தால் சுரண்டினார். இப்போது கைதட்டல் பின்வரிசை வரைக்கும் போனது.

"பார்த்தா அப்பாவி மாதிரி இருக்கு" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. யார் முகத்தையும் பார்க்க முடியாமல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கீழேதானே இருக்காங்க? நானே போய்க் கூப்பிடறேன். வந்து அவங்கவங்க கையால ஒட்டட்டும்!"

அவள் பதறிவிட்டாள். "வேணாம் சார், நீங்க போகாதீங்க. உரிச்சது உரிச்சதாவே இருக்கட்டும். அவங்ககிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க."

அது போதாதா அவருக்கு? குட்டு உடைந்துவிடும் என்று பயப்படுகிறாள்! விறுவிறுவென்று படி இறங்கினார். அவளும் பின்னாலேயே ஓடினாள்.

இரண்டு மாடியும் இறங்கிக் கடைசிப் படிக்கு வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

படியை ஒட்டிச் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர். கக்கத்தில் ஊன்றுகட்டையோடு ஓர் இளம்பெண். வாக்கரைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு ஓர் அம்மா. இன்னும் சிலர். எல்லோரும் மாடியை அண்ணாந்து பார்த்தபடி இருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

கீழேயே ஒரு ஹால் இருந்தது. அதில் ஏசி இல்லை என்று கூட்டத்தை இரண்டாவது மாடிக்கு மாற்றச் சொன்னவரே அவர்தான். மைக் நன்றாக வேலை செய்யுமா, டீ சூடாக வருமா என்றெல்லாம் துருவித் துருவி விசாரித்தவருக்கு, மேலே யாரால் ஏறி வர முடியும் என்று கேட்கத் தோன்றவே இல்லை. சற்று முன் வாங்கிய கைதட்டலை நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

பெரியவர்தான் ஆவலாகக் கேட்டார்.

"மேலேருந்தா சார் வர்றீங்க? நாங்க கொடுத்துவிட்டதை ஒட்டிட்டாங்களா? கணக்குல சேர்த்துக்குவீங்கல்ல? இனிமே வர்ற பஸ்லயாவது நாங்க ஏறலாம்ல?"

அதிகாரி வாயைத் திறந்தார். அந்த முகங்களிடம் என்னவென்று சொல்வது?

அதற்குள் பின்னாலிருந்து தையல்காரப் பெண்ணின் குரல் முந்திக்கொண்டது.

"எல்லாம் ஒட்டியாச்சு பெரியப்பா. சார்தான் பக்கத்துலயே நின்னு ஒண்ணொண்ணா பார்த்துக்கிட்டாரு. அதை உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு கூட்டத்தையே விட்டுட்டு இறங்கி வந்திருக்காரு!"