சீரான வெளிச்சம்

ஒரே மௌனப் படத்தின் மூன்று பிரதிகளைத் திரையில் பக்கம் பக்கமாக ஓடவிட்டு, பழைய படங்களைப் பழுது நீக்கும் பிலோமினா, கதாநாயகி ஆற்றில் குதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பிரதியில் அவள் குதித்ததுமே காட்சி வெட்டப்பட்டு அரண்மனை வந்துவிடுகிறது. இரண்டாவதில் நீருக்கு மேலே ஒரு கை தெரிகிறது. உடனே ‘ஆறு அவளை ஏற்றுக்கொண்டது’ என்று எழுத்து வருகிறது. போன மாதம் கிடைத்த மூன்றாவதில் யாரும் எதையும் வெட்டவில்லை. அவள் மேலே வருகிறாள், நேராகக் கேமராவைப் பார்த்து வாய் திறந்து கத்துகிறாள், ஒரு கை மட்டும் மேலே தெரிய மூழ்குகிறாள். அந்த இடத்தில் படம் வெளுத்து, இருண்டு, மறுபடி வெளுத்துத் துடிக்கிறது.

“அப்பல்லாம் கேமராவக் கையாலதான சுத்துவாங்க. சுத்துனவருக்குக் கை நடுங்கிருக்கு, வேகம் மாறுனா வெளிச்சமும் மாறும்,” என்றார் அவளுடைய மேலாளர் தில்லைவாணன். “வெளிச்சத்த ஒரே சீராக்கிடும்மா. படவிழாவுக்கு முழுப் பிரதிதான் வேணும்னுட்டாங்க.”

“இது பழுது இல்ல சார். அவ நடிக்கலன்னு அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“தெரிஞ்சும் நிறுத்தலையே.”

அவள் படத்தைப் பின்னால் நகர்த்தி அந்த இடத்தை ஓடவிட்டாள். கொஞ்ச நேரத் துடிப்புக்குப் பிறகு சுற்றியவரின் கை தேறிவிட்டிருந்தது. நீர் மூடிக்கொள்ளும்வரை படம் ஒழுங்காகவே ஓடியது.

பிலோமினா வெளிச்சத்தைச் சீராக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தாள். இப்போது ஆற்றுக்கு மேலே தெரிந்த அவளுடைய கையைத் தவிர வேறெதுவும் நடுங்கவில்லை.