அம்மா என்ன சொல்கிறாள்?

“என் தோளைப் பிடிச்சுக்கோ தங்கச்சி. கீழே பார்க்காதே” என்றான் மன்பீர்.

மாலின் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவன் தோளைப் பற்றினாள். பாலத்தில் மூன்று பலகைகளைக் காணோம்; அடியில் கர்ணாலி ஆறு நுரைத்து ஓடிக்கொண்டிருந்தது. அக்கரை சேர்ந்ததும் அவளுடைய பையையும் வாங்கித் தன் முதுகில் போட்டுக்கொண்டான்.

விமானம் இறங்கிய சிமிகோட்டிலிருந்து மூன்று நாள் நடை. காத்மாண்டுவில் அவள் விசாரித்த வழிகாட்டிகள் எல்லோரும் ஊர்ப் பெயரைக் கேட்டதுமே கையை விரித்தார்கள். காதோரம் நரைத்த மன்பீர் மட்டும் அவள் நீட்டிய பழைய போட்டோவை வெகுநேரம் பார்த்துவிட்டு, “நானே கூட்டிட்டுப் போறேன்” என்றான்.

போட்டோவில் இருந்தது நான்கு வயது மாலின். ஸ்வீடனில் ஓர் ஆசிரியத் தம்பதி அவளைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். இருபது வருடம் கழித்து, காத்மாண்டுவில் அவள் இருந்த குழந்தைகள் விடுதியின் கோப்பிலிருந்து பெற்ற தாயின் பெயரும் ஊரும் கிடைத்தன. தன்சரா, பர்காவ்.

“பயமா இருக்குண்ணா.”

“எதுக்குப் பயம்? நான் கூட இருக்கேன்ல? நீ கேட்க வேண்டியதை என்கிட்ட கேளு. அவ சொல்றதை அப்படியே உனக்குச் சொல்றேன்.”

பர்காவில் ஆள் அரவமே இல்லை. யார்சா என்னும் மருந்துப் பூஞ்சை பொறுக்க ஊரே மேல் புல்வெளிக்குப் போயிருந்தது. முழங்கால் வீங்கிய ஒருத்தி மட்டும் ஒரு வீட்டின் மண்கூரையில் உட்கார்ந்து பார்லியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“தன்சரா?” என்று கீழிருந்து கூப்பிட்டாள் மாலின்.

கூரையில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். படி வெட்டிய ஒற்றை மர ஏணியில் இருவரும் ஏறி எதிரே நின்றபோது, அவள் கண்கள் மாலினிடம் வரவேயில்லை. மன்பீரின் முகத்திலேயே நிலைகுத்தி நின்றன. முறம் நழுவிப் பார்லி கூரையெங்கும் சிதறியது.

“ஏன் உங்களையே பார்க்கிறாங்க?”

“ஆம்பளை திடீர்னு வந்து நின்னா மிரளுவாங்க. வேற ஒண்ணுமில்லை.”

மாலின் போட்டோவை நீட்டினாள். குளிர் ஜாக்கெட்டின் கையை மேலே இழுத்து, மணிக்கட்டில் இருந்த பழைய தீத்தழும்பைக் காட்டினாள். தன்சரா அந்தத் தழும்பின் மேல் விரலை வைத்தாள். பிறகு அந்தக் கையைத் தூக்கி அதில் தன் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சட்டென்று நிமிர்ந்து மன்பீர் பக்கம் திரும்பினாள். பேச ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. குரல் ஏறியது, உடைந்தது, மறுபடி ஏறியது.

“என்ன சொல்றாங்க?”

“உன்னை வளர்க்க வழியில்லையாம். அதான் கொடுத்துட்டாளாம்.”

“இவ்வளவு நேரம் பேசினாங்களே, அவ்வளவுதானா?”

“மலைக்காரங்க பேச்சு அப்படித்தான். ஒரு விஷயத்தைச் சொல்ல ஊரையே சுத்துவாங்க.”

மாலின் அவன் பக்கம் திரும்பினாள். இதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தாள். “ஒரு நாளாவது என்னைத் தேடினாங்களான்னு கேளுங்கண்ணா.”

மன்பீர் இரண்டே வார்த்தையில் ஏதோ கேட்டான். தன்சரா தலையில் அடித்துக்கொண்டாள். முழங்காலைத் தட்டிக் காட்டினாள். ஆறு இறங்கிப் போகும் திசையை நோக்கிக் கையை வீசினாள். விரல்களை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கி ஏதோ எண்ணினாள்.

“தேடலையாம்” என்றான் மன்பீர் மெல்ல. “முட்டிவலியோட கிடக்கேன், இனிமே வராதேங்கிறா. நீ வந்தா ஊர்ல அவளுக்கு அசிங்கமாம். மனசை விட்டுடாதே தங்கச்சி.”

அம்மா என்பதற்கு இந்த ஊரில் வழங்கும் சொல்லை விமானத்தில் நூறு தடவையாவது சொல்லிப் பார்த்திருந்தாள் மாலின். அதை வாய்க்குள்ளேயே விழுங்கிக்கொண்டு ஏணிப் பக்கம் திரும்பினாள்.

தன்சரா பாய்ந்து அவளுடைய ஜாக்கெட்டின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விரல்களைப் பிரிக்க முடியவில்லை.

“இப்ப என்ன வேணுமாம்?”

“உன் ஜாக்கெட் வேணுமாம்.”

மாலினுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அவளுக்கே பிடிக்கவில்லை. ஜிப்பை இறக்கி, கைகளை உருவிக்கொண்டு, ஜாக்கெட்டை அந்தப் பிடியிலேயே விட்டுவிட்டு ஏணியில் இறங்கினாள்.

பின்னாலேயே இறங்கிய மன்பீர் தன் கம்பளிச் சால்வையை எடுத்து அவள் தோளில் போர்த்தினான். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வெடித்தது.

“அன்னிக்கு நீங்க இங்க இருந்திருந்தா, என்னைக் கொடுக்க விட்டிருக்க மாட்டீங்க. இல்லண்ணா?”

மன்பீர் பை வாரை இறுக்கிக்கொண்டான். “நட. இருட்டுறதுக்குள்ள பாலம் தாண்டணும்.”

கூரையின் விளிம்பில், ஜாக்கெட்டை நெஞ்சோடு அணைத்தபடி நின்று தன்சரா கத்தினாள். அந்தக் குரல் பள்ளத்தாக்கின் எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

“என்ன கத்துறாங்க?”

“‘பத்திரமாப் போ’ங்கிறா.”

மாலின் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

தன்சரா சொன்னது அது இல்லை. அவள் கத்தியது மாலினைப் பார்த்தும் இல்லை.

“மறுபடியும் நீயே எம் பொண்ணைக் கூட்டிட்டுப் போறியேடா, பாவி!”