கட்டெறும்பு ஊரின் காளான் தொழில்

கட்டெறும்புப் புற்றின் தலைவருக்குக் கொஞ்ச நாளாகத் தூக்கமே இல்லை. பக்கத்துக் கறையான் புற்றில் காளான் விளைகிறதாம். எங்கே போனாலும் அதே பேச்சு. வயிற்றெரிச்சல் தாங்காமல் நேரிலேயே போய்க் கேட்டுவிட்டார்.

"இந்தக் காளான் தொழிலை எப்படிங்க கொண்டுவந்தீங்க?"

கறையான் தலைவி முழித்தாள். "நாங்க எங்கங்க கொண்டுவந்தோம்? கூரை ஒழுகிச்சு. அடைக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுட்டோம். அதுவா முளைச்சுது."

தலைவர் விழுந்தடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். "கூரையில ஓட்டை போடுங்க! அங்க ஒண்ணுன்னா இங்க நூறு இருக்கணும்!"

போட்டார்கள். அன்று சாயங்காலமே மழை கொட்டியது. காளான் வரவில்லை, வெள்ளம் வந்தது. முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டு ஊரே சருகுகளில் தொற்றி மிதந்தது. தலைவருக்குக் கிடைத்தது ஒரு வேப்பிலை.

அந்த நேரம் பார்த்துச் செவ்வெறும்புத் தலைவர் மேட்டில் வந்து நின்றார். "அடேயப்பா! இந்தக் கப்பல் தொழிலை எப்படிங்க கொண்டுவந்தீங்க?"

நடுங்கிக்கொண்டிருந்த தலைவர் இலைமேல் நிமிர்ந்து நின்று மீசையை நீவிக்கொண்டார்.

"எல்லாம் தொலைநோக்குத் திட்டங்க. முதல் வேலையா, கூரையில நூறு ஓட்டை..."

அவர் முடிப்பதற்குள் செவ்வெறும்புத் தலைவர் தன் புற்றைப் பார்த்து ஓட ஆரம்பித்திருந்தார்.