மஸ்கட் சரக்கு
அமீரகத்தின் புஜைராவில், கௌஸ் முகம்மதுவின் மளிகைக் கடைப் பின்னறை. சன்னல் வழியே சாய்ந்து விழும் பிற்பகல் வெயில், பெட்டியின் மேல் நிற்கும் பாட்டிலை வெளிர்மஞ்சளாக எரியவைக்கிறது. “மஸ்கட் சரக்கு மச்சான், வெள்ளைத் திராட்சை ஜூஸு” என்று சொல்லித்தான் மனைவியின் தம்பி ராஜிக் அதைத் திறந்தான். பாட்டிலிலும் மஸ்கட் என்றுதான் போட்டிருந்தது. பக்கத்து ஊர்தானே என்று கௌஸும் பிஸ்மி சொல்லிக் குடித்துவிட்டார். இப்போது ராஜிக் அவர் முகத்தைப் போனில் படம் பிடித்தபடி குலுங்கிச் சிரிக்கிறான். “மஸ்கட்டுங்கறது இதுல ஊரு இல்ல மச்சான், திராட்சையோட பேரு. நீங்க குடிச்சது ஒயினு!” கௌஸ் கைக்குட்டையால் உதட்டைத் துடைக்கிறார். அழுத்தி, மறுபடியும் துடைக்கிறார். நாக்கில் தித்திப்பு அப்படியே இருக்கிறது. ஐஸ் பெட்டியின் முனகலைத் தாண்டி அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்கிறது. “எனக்கு ஊத்துனது போகட்டும் ராஜிக்” என்கிறார், குரல் எழும்பாமல். “நான் புள்ளைக்குக் குடுக்கும்போதும் பாத்துக்கிட்டுத்தானே நின்ன?” சிரிப்பு நிற்கிறது. போன் மெல்லத் தாழ்கிறது. அரிசி மூட்டையின் மேல் காலாட்டிக்கொண்டிருக்கும் மகள் மின்ஹா, உதட்டை நக்கிக்கொண்டு காலி டம்ளரை நீட்டுகிறாள்.

“வாப்பா, ஒன் மோர்.”