முதல்ல நீங்க துப்புங்க

"பல்லைப் புடுங்கணும்னு மட்டும் சொல்லிடாதம்மா, என்னால தாங்க முடியாது!"

அபிராமபுரத்துப் பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஷஃபியுல்லா பாய் இப்படிச் சொல்ல, பரிசோதனைக்கூடப் பெண் ஜூலியட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வலி யாருக்கு பாய்? உங்களுக்கா?"

"எனக்கு இன்னா கேடு? இரும்பு மாதிரி கீறேன். வூட்டுக்காரிக்குத்தான்." பின்னால் நின்ற மனைவியை நாற்காலியில் உட்கார வைத்தார். "ஒரு மாசமா ஈறு வலி, ரத்தம் வருதுன்றா. சரியா சாப்புட மாட்டேன்றா. எனக்குக் கடையில உக்காந்து ஒரு சோபா தைக்க முடியல."

அஃப்சருன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலை குனிந்திருந்தாள்.

"பயப்படாதீங்கம்மா, ஊசியெல்லாம் கிடையாது. இந்தக் குப்பியில கொஞ்சம் எச்சில் துப்புங்க, போதும். ஈறு கெட ஆரம்பிச்சா எச்சில்ல ஒரு என்சைம் கூடும். அதைச் சோதிக்கிற பட்டையில ஒரு கோடு வந்தா கவலையில்ல. ரெண்டு வந்தா வைத்தியம் பண்ணணும்."

அவள் குப்பியை வாய்வரை கொண்டுபோய், திரும்ப மடியில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்தவங்க முன்னாடி எப்படித் துப்புறது? வெக்கமா கீதுங்க. முதல்ல நீங்க துப்புங்க, அப்புறம் நான்."

"நல்லா கீதே! நாளைக்கு உன் மாத்திரையையும் நானே முழுங்கணுமா?"

"அப்ப வேணாம். வூட்டுக்குப் போலாம்."

அவள் எழுந்தேவிட்டாள். பாய் பதறிப்போனார்.

"உக்காரு, உக்காரு! இன்னொரு குப்பி குடும்மா." கண்ணை மூடிக்கொண்டு துப்பினார். "பாத்தியா? இவ்ளோதான். இப்ப நீ... என் கண்ணுல்ல?"

முக்காட்டுக்குள்ளேயே அவளும் துப்பிக் கொடுத்தாள். எடுத்ததைக் கொட்டுவானேன் என்று இரண்டு குப்பிகளிலும் பெயர் எழுதி ஜூலியட் உள்ளே கொண்டுபோனாள். பாய்க்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலில் நின்று, இரு கைகளையும் ஏந்தி, உதடுகள் அசைய துஆ கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாக அதைப் பார்த்த ஜூலியட், தன் பங்குக்கு மாதாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தாள்.

பத்து நிமிடத்தில் அஃப்சருன்னிசாவின் பட்டையில் ஒரே ஒரு கோடு. 'அப்பாடா' என்று பெருமூச்சு விட்டபடி அடுத்த பட்டையைப் பார்த்த ஜூலியட் திகைத்தாள். அடர்த்தியாக இரண்டு கோடுகள். குப்பி மாறிவிட்டதோ? பெயர்களைச் சரிபார்த்து, மறுபடியும் சோதித்தாள். அதே இரண்டு கோடுகள்.

பாய் இன்னும் வாசலில்தான் இருந்தார். ஜூலியட் மெல்ல அஃப்சருன்னிசாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, உங்க ஈறு நல்லா இருக்கு. ஆனா பாய்க்குத்தான்... எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அஃப்சருன்னிசா ஜூலியட்டின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்மா. தனக்குன்னா ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே மாட்டாரு. போன மாசம் அவரு தலகாணி உறையில ரத்தம் பாத்தேன். அன்னிலேர்ந்துதான் எனக்கு ஈறு வலி."